பெயர் ஒட்டாத குழாய்

ஆய்வகத்தில் எனக்கு ‘மடி சார்’ என்று ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை; சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீடு ஒன்றில் வளர்ந்தவன். மடித் துணி கட்டியவர்களைத் தொடக் கூடாது, சாதப் பாத்திரத்தைத் தொட்ட கையால் தயிரைத் தொடக் கூடாது என்று வீடு முழுக்கக் கூடாதுகள். அதிலிருந்து தப்பிக்கத்தான் வேதியியல் படித்தேன் என்று கல்லூரி நாட்களில் பீற்றிக்கொள்வேன். கடைசியில் பார்த்தால், திருச்சிக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், ஏசி போட்ட அறையின் கதவில், அதே கூடாதுகளை நானே டைப் அடித்து ஒட்டியிருந்தேன். செருப்போடு உள்ளே வரக் கூடாது. சாவிக்கொத்தோடு காந்தத்தை நெருங்கக் கூடாது. குழாயை என்னைத் தவிர யாரும் உள்ளே இறக்கக் கூடாது. குழாயின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டக் கூடாது.

இந்தக் கடைசிக் கூடாதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு ஒரே காரணம் பயம்.

என் பொறுப்பில் இருந்தது, சேர்மங்களின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ஓர் என்.எம்.ஆர். கருவி. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் காந்தம். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு துளை. ஆராய வேண்டிய பொருளைக் கரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அந்தத் துளைக்குள் இறக்குவோம். அடியில் ‘ப்ரோப்’ என்ற பகுதிக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. பொருளில் உள்ள அணுக்கள் தரும் மிகச் சன்னமான ரேடியோ அலையை அந்தச் சுருள்தான் கேட்கிறது. சாதாரண ப்ரோப்பில் ஒரு தொல்லை: சுருளின் சொந்தச் சூடே ஓர் இரைச்சலை உண்டாக்கும். பொருள் கொஞ்சமாக இருந்தால் அதன் குரல் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குக் கிரையோப்ரோப் வந்தது. அதில் சுருளை ஹீலியம் வாயுவால் மைனஸ் இருநூற்று ஐம்பது டிகிரிக்குக் கீழே குளிர வைத்துவிடுவார்கள். ஒரு விரல்கூட அகலமில்லாத வெற்றிடத்துக்கு இந்தப் பக்கம் குழாய் மட்டும் அறை வெப்பத்தில் சௌக்கியமாக நிற்கும். இரைச்சல் வெகுவாகக் குறையும். ஆனால் அழியாது. எவ்வளவு குளிரவைத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். காகிதத்தில் அது புல் முளைத்தது போல நடுங்கும் கோடாகத் தெரியும்.

ஹீலியத்தைச் சுற்றவிடும் கம்ப்ரசர் ராப்பகலாக ஓட வேண்டும். நிறுத்தினால் ப்ரோப் சூடேறிவிடும். மறுபடி குளிர்ந்து நிலைக்கு வர ஒரு முழு நாள் போய்விடும். துளைக்குள் ஒரு தூசி விழுந்தாலும் ஆபத்து. ஒருமுறை ஒரு மாணவன் குழாயில் ஒட்டியிருந்த சீட்டு உரிந்து உள்ளே விழுந்து, எல்லாவற்றையும் சூடேற்றிக் கழற்ற வேண்டியதாயிற்று. அன்றைக்குப் போட்டதுதான் பெயர் ஒட்டக் கூடாது என்ற சட்டம். எந்தக் குழாய் யாருடையது என்று என் நோட்டில் இருக்கும். மேசையின் இடப்பக்கத் தாங்கியில் நிற்பவை காத்திருப்பவை. வலப்பக்கத் தாங்கியில் நிற்பவை முடிந்தவை, கழுவ வேண்டியவை. இந்த ஏற்பாட்டில் எனக்கு அத்தனை கர்வம்.

அந்தப் பெண் மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. காவிரி எட்டிப் பார்க்காத மேட்டு நிலம் அது. அவர்கள் வயல் வரப்பில் வளரும் ஒரு முள்செடியின் வேரை அந்த ஊரில் பூச்சிக்கடிக்கு அரைத்துப் போடுவார்களாம். அந்த வேரில் என்ன இருக்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அவள் அப்பாவே தோண்டி, மண் உதறி, சாக்கு சாக்காக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். முதல் தடவை வந்தபோது ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், கண்ணாடி வழியாகக் காந்தத்தைப் பார்த்தபடி நின்றார்.

“எங்க புள்ள கைராசிக்காரிங்க சார். வருசாவருசம் மொதக் கை வெத அவதான் போடுவா. அவ போட்டா பொய்க்காது” என்றார் என்னிடம். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, “அப்பா, சும்மா இருப்பா” என்றாள்.

மூன்று வருடத்தில், அத்தனை சாக்கு வேரிலிருந்து, அவள் பிரித்தெடுத்தது ஒரு மில்லிகிராமில் பாதிகூட இல்லை. கண்ணாடிக் குப்பியின் அடியில் மூச்சுக்காற்றுப் படிந்த மாதிரி ஒரு வெண்மை. பழைய ப்ரோப்பாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். கிரையோப்ரோப் இருந்ததால், எங்களிடம் இருப்பதிலேயே மெல்லிய குழாயில் கொஞ்சம் குளோரோஃபார்மில் கரைத்துக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். ஹைட்ரஜன் அணுக்களின் முகடுகள் ஊசி ஊசியாக எழுந்து நின்றன. எந்தப் பட்டியலிலும் இல்லாத அமைப்பு. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

ஆனால் அந்தப் படம், ஆள் புதுசு என்று சொல்லுமே தவிர, ஆள் யார் என்று சொல்லாது. அதற்குக் கார்பன் அணுக்களைக் கேட்க வேண்டும். இவ்வளவு குறைந்த பொருளுக்கு மூன்று நாள் விடாமல் ஓட வேண்டும். அடுத்து ஆயுத பூஜை, விஜயதசமி, ஞாயிறு என்று மூன்று நாள் விடுமுறை. “ட்யூபை இங்கயே விட்டுட்டுப் போம்மா. லீவுல மெஷின் சும்மாதானே இருக்கும், நான் போட்டு விடறேன்” என்றேன். அவளுடைய உதவித்தொகைக் காலம் அந்த மார்கழியோடு முடிகிறது. மறுபடி வேர் தோண்டிப் பிரிக்க நாள் கிடையாது. இருந்தது அந்தக் குழாயில் இருந்தது மட்டும்தான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

பூஜைக்கு முந்தின நாள் சுத்தம் செய்யும் நாள். ஊர் முழுக்க அப்படித்தான். மலைக்கோட்டைக் கடைத்தெருவில் தராசைக் கழுவுவார்கள், ஒர்க் ஷாப்பில் ஸ்பேனரைக் கழுவுவார்கள், நாங்கள் ஆய்வகத்தைக் கழுவுவோம். வராண்டாவில் மாணவர்கள் உட்கார்ந்து பொரியும் கடலையும் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் உதவியாளர், என்னைவிட மூத்தவர், காலையிலேயே மேசைகளைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைக்கத் தயாராக இருந்தார். கம்ப்ரசர் பக்கம் வந்ததும் நின்றார்.

“சார், எல்லா மெஷினையும் நிறுத்தியாச்சு. இதையும் பூஜை நேரத்துக்கு ஒரு அரை மணி நிறுத்துவோமே. வருசம் பூரா ஓடுது, பாவம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கிரையோப்ரோப் என்ன கிரைண்டரா என்று கேட்டேன். வராண்டா வரை கேட்கிற குரலில் கேட்டேன். பூஜை என்ற பெயரில் யாரும் எதையும் தொட வேண்டாம், மிச்சத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர், “இல்ல சார், மேசை துடைக்கறப்ப நான் அந்த...” என்று ஏதோ ஆரம்பித்தார். “பேசாதீங்க, போங்க” என்றேன். போய்விட்டார்.

அவர் சொல்ல வந்தது இதுதான்: மேசை துடைக்கும்போது இடப்பக்கத்தில் தனியாக நின்ற ஒரு குழாயை வலப்பக்கத் தாங்கியில் எடுத்து வைத்திருந்தார்.

நான் அசிட்டோன் பாட்டிலை எடுத்துக்கொண்டு, கோபத்தோடு, வலப்பக்கக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழிவுக் கேனில் கவிழ்த்து மும்மூன்று முறை அலசினேன். வலது பக்கம் இருந்ததால் எல்லாமே முடிந்தவை. ஒன்றிலும் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் அடியில் கொஞ்சம் நிறமற்ற திரவம். மெல்லிய குழாய் ஒன்று கைக்கு வந்தது நினைவிருக்கிறது. அதைக் கவிழ்க்கும்போது என் மனதில் ஓடியது அந்த மனுஷனைத் திட்ட இன்னும் நல்ல வார்த்தை கிடைக்கவில்லையே என்பதுதான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அவளுடைய குழாயை எடுக்க இடப்பக்கம் கை நீட்டினேன். தாங்கி காலி. நோட்டைப் பார்த்தேன். தாங்கியைப் பார்த்தேன். வலப்பக்கம் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்த குழாய்களைப் பார்த்தேன். புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தேன். கேனில் பத்துப் பன்னிரண்டு பேருடைய மிச்சங்களும் கால் கேன் அசிட்டோனும் இருந்தன. அதிலிருந்து அவளுடையதைத் திரும்ப எடுப்பது பாயசத்தில் போட்ட சர்க்கரையைப் பொறுக்குவது மாதிரி. கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் குரலும் அதில் இருந்தது.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பதிலாகச் செய்ததை எழுதக் கை கூசுகிறது. ஒரு காலிக் குழாயில் வெறும் குளோரோஃபார்மை ஊற்றித் துளைக்குள் இறக்கினேன். முன்பதிவுப் பட்டியலில் அவளுடைய பெயர் இருந்தது, அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் எல்லோரும் கும்பிட்டார்கள், சுண்டல் சாப்பிட்டார்கள், வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஊரிலுள்ள ஆயுதமெல்லாம் ஓய்ந்திருந்த நாளில் கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மைனஸ் இருநூற்று ஐம்பது டிகிரியில், மூன்று நாள், அந்தச் சுருள் ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் வந்தாள். பிரிண்ட் எடுத்த தாளைக் கொடுத்தேன். கரைப்பானான குளோரோஃபார்மின் மூன்று கோடுகள். மற்றபடி நடுங்கும் அடிக்கோடு.

“கரைசல்லயே சிதைஞ்சு போச்சு போலம்மா. பிசின் மாதிரி ஆகிப் படிஞ்சிருக்கும்” என்றேன்.

அவள் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. அந்தக் கருவியின் மேல் அவ்வளவு நம்பிக்கை. கிரையோப்ரோப்புக்கே கேட்கவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். நான்தானே வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

“ட்யூப் எங்க சார்?”

“கழுவி வெச்சுட்டேன்.” அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

தாளின் அடிக்கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, “குளோரோஃபார்ம்ல அமிலம் இருந்திருக்குமோ சார்? நான்தான் செக் பண்ணாம கரைச்சுட்டேனா?” என்று கேட்டாள்.

“இருக்கலாம்” என்றேன்.

குழாயைக் கழுவியது தவறு. தவறு யாருக்கும் வரும். அந்த ‘இருக்கலாம்’ தவறு இல்லை, பாவம். அன்று சாயங்காலம் தாயார் சந்நிதியில் போய் நின்று மனசுக்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். தாயார் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. அதனால் அங்கே சொல்வது எனக்கு வசதியாக இருந்தது. அதன்பின் சொல்லியாகிவிட்டது என்ற நினைப்பிலேயே நாலு வருடம் ஓட்டிவிட்டேன். உதவியாளருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவரும் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் என்னிடம் எதையும் பாதியில் ஆரம்பித்ததில்லை. அவசியமானதை மட்டும் சொல்வார், போய்விடுவார்.

அவள் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சேர்மங்களை வைத்து ஒப்பேற்றி ஆய்வேட்டை முடித்தாள். அதில் ஒரு வரி வரும்: புதிய சேர்மம் ஒன்று கரைசலில் நிலையற்றது எனத் தெரிகிறது. அந்த வரி என்னுடையது. நூலகத்தில் பைண்ட் போட்டு இருக்கிறது. அதைப் படிக்கிற எவரும் அந்த வேரைத் திரும்பத் தோண்டப் போவதில்லை. பட்டம் கிடைத்தது, ஆனால் அதை வைத்து மேலே போக ஒன்றும் இல்லை. ஊருக்கே திரும்பி அங்கே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் ஆனாள் என்று கேள்விப்பட்டேன்.

போன ஆடியில் காந்தி மார்க்கெட்டில் அவள் அப்பாவைப் பார்த்தேன். முருங்கைக்காய்க் கட்டுகளை இறக்கிவிட்டு, மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் அவர் பார்த்துவிட்டார். கும்பிட்டார்.

“பாப்பா நல்லாருக்கா?” என்றேன். வேறு என்ன கேட்பது?

“இருக்குங்க சார். பள்ளிக்கூடத்துக்குப் போவுது, வருது” என்றார். “வெத போடத்தான் வர மாட்டேங்குது. நாலு வருசமாச்சு. தொட்டது வெளங்காத கைப்பா, வேணாம்ப்பாங்குது. மருமவதான் மொதக் கை போடுது. வெளையுது, வெளையாம இல்ல. ஆனா மனசு கேக்க மாட்டேங்குதுங்க.”

வாங்க வந்த காய்கறியை வாங்காமல் வீட்டுக்குப் போனேன். ஏன் வெறும் பையோடு வந்தீர்கள் என்று மனைவி கேட்டாள். நாலு வருடமாக அவளிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “என்கிட்ட எதுக்குச் சொல்றேள்? அந்தப் பொண்ணுகிட்டன்னா சொல்லணும். போய்ச் சொல்லிட்டு வாங்கோ” என்றபடி பையை மடித்து ஆணியில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதுரை ரோட்டு பஸ்ஸில் ஏறினேன். ஸ்ரீரங்கத்தில் காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஊருக்குப் போனால் ஒரு மழை பெய்து, அந்த ஈரத்திலேயே எல்லோரும் அவசர அவசரமாக உழுதுகொண்டிருந்தார்கள். நான் போனபோது அவள் அப்பா வரப்பில் குந்தி, கூடையில் விதைக்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வயலை ஒட்டிய வீட்டு வாசலில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள், பதறி எழுந்து, “வாங்க சார், வாங்க! சொல்லியிருந்தா பஸ் ஸ்டாப்புக்கே வந்திருப்பேனே” என்று நாற்காலி எடுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றபடியே சொன்னேன். எதையும் சுற்றி வளைக்கவில்லை. உன் பொருள் சிதையவில்லை, நான்தான் கழுவிக் கொட்டினேன், உனக்குக் கொடுத்தது வெறும் கரைப்பானின் படம் என்றேன்.

வரப்பில் அவள் அப்பாவின் கை கூடைக்குள் அப்படியே நின்றது.

“என்னிக்கு சார்?”

“பூஜைக்கு முந்தின நாள். காலைல.”

“அன்னிக்கு நான் வராண்டாலதான சார் இருந்தேன். பொரிப் பொட்டலம் போட்டுக்கிட்டு.”

“ஆமாம்.”

“கதவுகூடத் தெறந்துதான் இருந்துச்சு. ஒரு குரல் குடுத்திருந்தா, எது என்னோடதுன்னு நான் வந்து காட்டியிருப்பேனே.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து, மடிப்புகளில் கிழிந்து டேப் ஒட்டிய ஒரு தாளை எடுத்து விரித்தாள். நான் கொடுத்த தாள்தான்.

அடிக்கோடு நெடுக, அந்த நடுங்கும் புல்லின் மேல், பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள். இருபது, முப்பது இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் பொடி எழுத்தில் ஓர் எண், சிலவற்றில் ஒரு கேள்விக்குறி. சில எண்களை அழித்து, அதன் மேல் வேறு எண் எழுதியிருந்தாள். கார்பன் எங்கேயாவது கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று நாலு வருடமாக இரைச்சலுக்குள் தேடியிருக்கிறாள்.

“ஸ்கூல் விட்டு வந்தா அப்பப்ப எடுத்துப் பாப்பேன் சார்” என்றாள். தாளை என் பக்கம் திருப்பினாள். கொஞ்சம் பெரிதாகத் தெரிந்த ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இதுல ஒண்ணுகூட இல்லையா சார்?”

“இல்லைம்மா” என்றேன்.